கதே பேசுகிறேன்

காளிதாசனின் சாகுந்தலத்தைப் போற்றிப் பாடிய ஜெர்மானியக் கவிஞன் கதேதான் பேசுகிறேன். பிறந்தது 1749-ல், பிராங்பர்ட் நகரில். 1740-ல் இத்தாலி சென்று வந்த என் தந்தை, ரோமாபுரிக் காட்சிப் படங்களை வீட்டுச் சுவரில் மாட்டியிருந்தார். அவற்றைப் பார்த்தே வளர்ந்தேன். நேரில் காணவோ எனக்கு 37 வயதாயிற்று!

1774-ல் வெளிவந்த வெர்தர் நாவல் புகழைத் தந்தது. வைமார் அரசு பதவியைத் தந்தது. கோப்புகளுக்கிடையே கவிதை வாடியது. 1786 செப்டம்பர் 3-ஆம் நாள் விடியற்காலை மூன்று மணிக்கு, நண்பர்களிடமும் சொல்லாமல் கார்ல்ஸ்பாட்டிலிருந்து வண்டியேறினேன். மோல்லர் என்று பெயரையும் மாற்றிக்கொண்டேன். அக்டோபர் இறுதியில் ரோமாபுரி!

ஓவியர் டிஷ்பைன் தம் இல்லத்தில் இடமளித்தார். அவரும் எழுத்தாளர் மோரிட்ஸும் ஓவியர் ஏஞ்சலிகா காப்மனும் நண்பர்களாயினர். சிஸ்டைன் சிற்றாலயத்தையும், நிலவொளியில் கொலோசியத்தையும் கண்டேன். ஓர் உலாவிலிருந்து திரும்புகையில் குதிரை வழுக்கி மோரிட்ஸின் கை முறிந்தது. முறைவைத்துக் கண்விழித்துக் காத்தோம். உரைநடையில் கிடந்த இபிஜினியா நாடகத்தை அங்கேதான் கவிதையாக்கி முடித்தேன்.

1788-ல் ஊர் திரும்புமுன், செஸ்டியஸ் பிரமிடின் அருகே என் கல்லறை இருப்பதாக ஒரு படம் வரைந்தேன். விதியைப் பாருங்கள்! 1830-ல் ரோமாபுரி பார்க்கப் போன என் மகன் ஆகஸ்ட் அங்கேயே இறந்தான். அந்தப் பிரமிடின் அருகேதான் அவனை அடக்கம் செய்தார்கள். 1832-ல் வைமாரில் நானும் கண்மூடினேன்.

அவன் கல்லறையில் அவன் பெயர் இல்லை. தந்தையை முந்திச் சென்ற கதேயின் மகன் என்றே பொறித்திருக்கிறது. என் பெயரை மறைத்து நான் விடுதலை பெற்ற ஊரில், அவனுக்கு என் பெயர்தான் மிஞ்சியது!