இருளைத் தேடிய வானியலாளர்

பூந்தமல்லியிலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் மேற்கே செல்வோர் வாணியம்பாடியைக் கடக்கும்போது, அருகே ஜவ்வாது மலையிலுள்ள காவலூரை நினைப்பது அரிது. அந்தச் சிற்றூரை உலக வானியலார் அறியச் செய்தவர் வைணு பாப்பு.

1927-இல் சென்னையில் பிறந்தவர். தந்தை ஹைதராபாத் நிஜாமியா வான்காட்சியகத்தில் பணியாற்றியவர். ஹார்வர்டில் ஆய்வு மாணவராக இருந்தபோதே, 1949-இல், ஒரு வால்நட்சத்திரத்தைக் கண்டறிந்தார். நிறமாலையில் கால்சியக் கோட்டின் அகலத்தைக் கொண்டு விண்மீனின் உண்மையான ஒளிர்வை அறியும் முறையை ஓலின் வில்சனுடன் இணைந்து 1957-இல் வெளியிட்டார். அமெரிக்காவிலேயே வாழ்ந்திருக்கலாம், தாயகம் திரும்பினார். 1960-இல் கொடைக்கானல் ஆய்வகத்தின் இயக்குநரானார். அது சூரியனை ஆராயும் இடம். இரவு வானத்துக்கு இருள் தேவை என்பதால் காவலூரைத் தேர்ந்து, 1968-இல் 38 செ.மீ. தொலைநோக்கியுடன் பணியைத் தொடங்கினார்.

பெருநிறை விண்மீன்கள்மீது அவருக்குத் தனி ஈடுபாடு. மாசி மாலைகளில் ஆவடியிலிருந்தும் தென்வானில் தாழ்வாகக் காணக்கூடிய காமா வெலோரம் உண்மையில் இரட்டை விண்மீன், இரண்டும் 78.5 நாள்களில் ஒன்றையொன்று சுற்றுவதை 1967-இல் கணேஷுடன் இணைந்து கணித்தார். அவ்விரண்டில் ஒன்று தன் வாழ்வின் இறுதிக் கட்டத்தில் இருப்பது. இத்தகைய விண்மீன்களின் பிறப்போ அடர்ந்த தூசு மேகத்துக்குள் நிகழ்வது. ஒளித் தொலைநோக்கிக்கு அது எட்டாது.

பாப்பு இருளைத் தேடிய அதே ஆண்டுகளில் வேறொரு வழியும் திறந்தது. ஓரியன் உள்ளிட்ட மேகங்களிலிருந்து 1.35 செ.மீ. அலைநீளத்தில் நீராவி மூலக்கூறுகள் உமிழும் வலுவான ரேடியோ அலைகளைச் சார்லஸ் டவுன்ஸ் குழுவினர் 1969-இல் அறிவித்தனர். உருவாகும் விண்மீன் வீசியெறியும் வாயு, சுற்றியுள்ள மேகத்தில் மோதுகையில் நீர் மூலக்கூறுகள் கிளர்ந்து அவ்வலையைப் பன்மடங்கு பெருக்குகின்றன, இதுவே மேசர். இன்று பெருநிறை விண்மீன்களின் பிறப்பிடத்தைக் காட்டும் முக்கியத் தடயம் இது. முதிர்ந்த விண்மீன்கள் சிலவற்றைச் சுற்றியும் தோன்றுவதால், பிற சான்றுகளோடு ஒப்பிட்டே முடிவு செய்வர்.

ரேடியோ அலைக்குத் தெருவிளக்கு தடையன்று. பாப்புவின் தொலைநோக்கிகளுக்கோ இருளே மூலதனம். அம்பத்தூரில் நாம் இழந்துவிட்ட இரவு வானத்தைக் காவலூரும் இழக்க விடலாகாது. ஐந்தாண்டுக் கணக்கில் மட்டும் பலனை எடைபோட்டிருந்தால் அந்த ஆய்வகமே எழுந்திராது என்பது பொருளாதாரம் கற்பித்தவனின் எண்ணம்.

அவர் திட்டமிட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கியின் கண்ணாடி பெங்களூருவில் மெருகேற்றப்பட்டது. பன்னாட்டு வானியல் ஒன்றியத்தின் தலைவராக இருந்த பாப்பு, 1982 ஆகஸ்டில் மியூனிக் நகரில், 55 வயதில் காலமானார். 1986 ஜனவரியில் அத்தொலைநோக்கிக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது.