புயலில் கற்ற பாடம்

குட்டீஸ், ஆறடிக்கும் அதிக உயரமான ஒரு வீரர், எதிரியின் கண்ணில் படாமல் ஒளிந்து சென்று தாக்கும் படையை உருவாக்கினார். அவர்தான் டேவிட் ஸ்டெர்லிங்.

ஸ்காட்லாந்தைச் சேர்ந்த பெரிய குடும்பத்தில் 1915ல் பிறந்தார். ஓவியராக ஆசைப்பட்டார், முடியவில்லை. எவரெஸ்ட் சிகரத்தில் ஏற விரும்பினார். அதற்குள் 1939ல் இரண்டாம் உலகப்போர் மூண்டது. பிரிட்டன் ராணுவத்தில் சேர்ந்தார்.

1941ல் எகிப்தில் பாராசூட்டில் குதித்துப் பயிற்சி எடுத்தார். பாராசூட் கிழிந்து தரையில் மோதியதில், சில காலம் கால்களை அசைக்க முடியவில்லை. மருத்துவமனையில் படுத்தபடியே யோசித்தார். நூற்றுக்கணக்கான வீரர்கள் கப்பலில் வந்து இறங்கினால், எதிரி உஷாராகி விடுவான். நான்கைந்து பேர் இரவில் சத்தமின்றிப் போனால்?

இந்தத் திட்டத்தை எழுதி எடுத்துக்கொண்டு, ஊன்றுகோலுடன் கெய்ரோ ராணுவத் தலைமையகத்துக்குள் காவலர்களை ஏமாற்றி நுழைந்தார் என்று சொல்வர். தளபதிகள் சம்மதித்தனர். 'எஸ்.ஏ.எஸ்.' என்ற சிறு படை பிறந்தது.

முதல் தாக்குதல், 1941 நவம்பரில் லிபியா பாலைவனத்தில் நடந்தது. கடும் புயலில் 50க்கும் மேற்பட்ட வீரர்கள் பாராசூட்டில் குதித்தனர். பாதிப் பேர் கூடத் திரும்பவில்லை. எதிரியின் ஒரு விமானம் கூட அழியவில்லை.

ஸ்டெர்லிங் துவண்டு விடவில்லை, முறையை மாற்றினார். உயிர் தப்பியவர்களை ஏற்றி வந்தது, பாலைவனத்தில் ரோந்து செல்லும் வேறொரு படையின் லாரி. திரும்பி வர உதவிய லாரியிலேயே தாக்கவும் போகலாமே!

அடுத்த மாதமே அப்படிச் சென்றனர். இருட்டில் நடந்து விமானத்தளங்களுக்குள் புகுந்து, சிறு குண்டுகளை விமானங்களில் வைத்துவிட்டு நழுவினர். இரண்டே தளங்களில் 60க்கும் மேற்பட்ட விமானங்கள் அழிந்தன. ஆனால், அந்தக் குண்டைத் தயாரித்த ஜாக் லூயிஸ் என்ற வீரர், அதே மாதத்தில் ஒரு தாக்குதலிலிருந்து திரும்பும்போது உயிரிழந்தார். வெற்றிக்கும் விலை கொடுக்க வேண்டியிருந்தது.

1943 ஜனவரியில் துனிசியாவில் ஸ்டெர்லிங் பிடிபட்டார். பலமுறை தப்ப முயன்றும் பலிக்கவில்லை. கடைசியில், ஜெர்மனியின் கோல்டிட்ஸ் கோட்டையில் அடைத்தனர். 1945ல்தான் விடுதலை. தலைவர் சிறையில் இருந்தபோதும், அவர் உருவாக்கிய படை தொடர்ந்து போரிட்டது.

போர் முடிந்ததும் கலைக்கப்பட்ட எஸ்.ஏ.எஸ்., 1947ல் மீண்டும் அமைக்கப்பட்டது; இன்றும் இயங்குகிறது. பல நாடுகளின் கமாண்டோ படைகளுக்கு அதுவே முன்மாதிரி. ஸ்டெர்லிங் 1990ல் காலமானார்.

முதல் முயற்சி தோற்றதும் புயலின் மீது பழிபோட்டு ஒதுங்கியிருந்தால், இந்தப் படையே இருந்திருக்காது, இல்லையா குட்டீஸ்!