தவளை இதயமும் குழாய்த் தண்ணீரும்: யார் இந்த சிட்னி ரிங்கர்?

வாந்தி, பேதி என்று ஆஸ்பத்திரிக்குப் போனால் முதலில் ஒரு பாட்டில் ஏத்துவாங்க. நர்ஸ் 'ஆர்.எல்.' என்று சொல்லும் அந்தத் திரவத்தின் முழுப்பெயர் ரிங்கர் லாக்டேட். இதில் வரும் ரிங்கர், ஒரு ஆங்கிலேய மருத்துவரின் பெயர். மாரடைப்பில் அடைப்பை நீக்கிய பிறகும் இதயத் தசை ஏன் சேதமாகிறது என்ற இன்றைய கேள்வியைப் புரிந்துகொள்ள, அவர் 140 ஆண்டுகளுக்கு முன் செய்த சோதனையில் இருந்து தொடங்க வேண்டும்.

நார்விச்சில் இருந்து லண்டனுக்கு

சிட்னி ரிங்கர் 1835இல் இங்கிலாந்தின் நார்விச் நகரில் பிறந்தார். தம்பி ஃப்ரெடெரிக் வியாபாரத்துக்காக ஜப்பானின் நாகசாகிக்குப் போய்விட்டார். இன்று ஜப்பானில் இருக்கும் 'ரிங்கர் ஹட்' நூடுல்ஸ் கடைகளுக்கு அந்தத் தம்பியின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

அண்ணன் 1854இல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் மருத்துவம் படிக்கச் சேர்ந்தார். 1863இல் எம்.டி. பட்டம் பெற்றார். அதே கல்லூரியின் மருத்துவமனையில்தான் வாழ்நாள் முழுக்க வேலை பார்த்தார். மருந்துகளைப் பற்றி 1869இல் அவர் எழுதிய கையேடு பல பதிப்புகள் கண்டது. அந்தக் காலத்து டாக்டர்களுக்கு அவரைத் தெரிந்ததே அந்தப் புத்தகத்தால்தான்.

வார்டு, வகுப்பு, நோயாளிகள் எனப் பகல் ஓடிவிடும். அதனால் ஆராய்ச்சிக்கு அவர் ஒதுக்கியது காலையிலும் மாலையிலும் கிடைத்த நேரத்தைத்தான்.

தண்ணீர் மாறிய கதை

தவளையின் இதயத்தை வெளியே எடுத்து, உப்புக் கரைசலில் துடிக்க வைப்பதுதான் சோதனை. ரத்தத்தில் இருக்கும் பொருட்களில் எது இதயத்தை இயக்குகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். 1882இல் முடிவை வெளியிட்டார். சாதாரண உப்புக் கரைசலிலேயே இதயம் ரொம்ப நேரம் துடித்தது.

பிறகுதான் விஷயம் தெரிந்தது. காய்ச்சி வடித்த நீரில் கலக்க வேண்டிய உப்பை, குழாய்த் தண்ணீரில் கலந்திருந்தார்கள். லண்டனுக்குக் குடிநீர் வழங்கிய நியூ ரிவர் கம்பெனியின் தண்ணீர் அது. சரியான நீரில் மறுபடியும் செய்து பார்த்தார். கொஞ்ச நேரத்தில் துடிப்பு நின்றுபோனது.

அப்படியானால் குழாய்த் தண்ணீரில் என்ன இருந்தது? சுண்ணாம்புச் சத்து, அதாவது கால்சியம். அதைத் துளியளவு சேர்த்ததும் இதயம் திரும்பவும் துடித்தது. முதல் கட்டுரையில் நேர்ந்த தவறை ரிங்கர் மூடி மறைக்கவில்லை. எந்தக் கம்பெனியின் தண்ணீர் என்பது வரை 1883 கட்டுரையில் எழுதினார்.

கூடினாலும் ஆபத்து

கால்சியம் மட்டும் தனியாக ஓங்கினால், சுருங்கிய தசை விரிய மறுக்கிறது என்பதையும் அவர் பார்த்தார். பொட்டாசியம் சேர்த்தால் அது சரியானது. பொட்டாசியம் அளவு மீறினாலோ துடிப்பு மங்கி நின்றது. சோடியம், பொட்டாசியம், கால்சியம் மூன்றும் சரியான விகிதத்தில் கலந்த திரவமே ரிங்கர் கரைசல். இதில் லாக்டேட்டைச் சேர்த்தவர் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அலெக்ஸிஸ் ஹார்ட்மன். அது நடந்தது 1930களில்.

இன்றைய இதயத்துக்கு என்ன சம்பந்தம்?

மாரடைப்பில் ரத்தக்குழாய் அடைபட்டதும் இதயச் செல்களுக்கு ஆக்ஸிஜன் கிடைப்பதில்லை. செல்லுக்குள் அமிலமும் சோடியமும் சேர்கின்றன. ஸ்டென்ட் வைத்து அடைப்பை நீக்கியதும் ரத்தம் பாய்கிறது. அப்போது கால்சியம் செல்லுக்குள் வெள்ளமாகப் புகுகிறது. தசை இறுகிப்போய் விரிய முடியாமல் கிடக்கிறது. செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாவும் உடைகிறது. உயிர் கொடுக்க வந்த ரத்தமே சில செல்களைக் கொல்கிறது. அன்று தவளை இதயத்தில் ரிங்கர் பார்த்த இறுக்கத்தின் கொடூர வடிவம் என்று இதைச் சொல்லலாம்.

அதற்காக அடைப்பைத் திறக்கத் தாமதிக்கலாமா? கூடவே கூடாது. திறக்காவிட்டால் சாகும் தசை அதைவிடப் பல மடங்கு அதிகம். நெஞ்சுவலி வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போவதில் மாற்றமே இல்லை.

திறந்த இதய அறுவை சிகிச்சையில் இந்த அறிவு நேரடியாகப் பயன்பட்டது. பொட்டாசியத்தால் இதயத்தை நிறுத்தலாம் என்று 1955இல் லண்டனில் டெனிஸ் மெல்ரோஸ் காட்டினார். ஆனால் அவர் பயன்படுத்திய அளவு தசையையே பாதித்ததால், அந்த முறை சில ஆண்டுகளில் கைவிடப்பட்டது. 1970களில் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனைக் குழு, ரிங்கர் கரைசலை அடிப்படையாக வைத்து, அளவான பொட்டாசியமும் மெக்னீசியமும் சேர்த்த திரவத்தை உருவாக்கியது. விரிந்த நிலையில் இதயத்தை ஓய்வெடுக்க வைத்து, வேலை முடிந்ததும் பத்திரமாக எழுப்ப அது உதவியது.

கடைசி நாட்கள்

ரிங்கர் 1885இல் ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனார். வீட்டில் துயரம் இருந்தது. மகள் ஒருத்தியைச் சிறு வயதிலேயே பறிகொடுத்தார். மனைவியின் ஊரான யார்க்‌ஷையரின் லாஸ்டிங்ஹாமில், பழைய தேவாலயத்தை அவள் நினைவாகத் தன் செலவில் புதுப்பித்தார். 1900இல் ஓய்வு பெற்று அங்கேயே குடியேறியவர், 1910 அக்டோபரில் பக்கவாதத்தால் இறந்தார்.

ஆபரேஷன் அறையில் நிறுத்தப்படும் இதயத்துக்குப் பாதுகாப்பு கிடைத்துவிட்டது. திடீரென மாரடைப்பு வருபவருக்கு, ரத்தம் திரும்பும் அந்த நிமிடங்களில் தசையைக் காக்கும் மருந்து இன்னும் வரவில்லை. ஆய்வுக்கூடத்தில் நம்பிக்கை தந்த சைக்ளோஸ்போரின் போன்றவை நோயாளிகளிடம் நடந்த பெரிய ஆய்வுகளில் கைகொடுக்கவில்லை. கால்சியத்தைச் சரியான நேரத்தில், சரியான அளவில் எப்படி அடக்குவது என்ற தேடல் நடந்துகொண்டே இருக்கிறது.