பிடிலை நமதாக்கிய பாலுசாமி தீட்சிதர்



ஒரு கச்சேரி மேடையை நினைத்துப் பாருங்கள். நடுவில் பாடகர். ஒரு பக்கம் மிருதங்கம், இன்னொரு பக்கம் வயலின். மிருதங்கத்தில் தோல் இருப்பதை வேலூர், ஆம்பூர், வாணியம்பாடிப் பிள்ளைகளான உங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் அந்த வயலின் எந்த ஊர் வாத்தியம், தெரியுமா? நம் பெரியவர்கள் பிடில் என்று அழைக்கும் அது, ஐரோப்பாவிலிருந்து கப்பலேறி வந்தது! அதை நம் இசைக்குள் அழைத்து வந்தவராகப் போற்றப்படும் பாலுசாமி தீட்சிதரின் கதையைக் கேளுங்கள்.

இசைக் குடும்பம்

பாலுசாமி 1786ஆம் ஆண்டு திருவாரூரில் பிறந்தார். தந்தை ராமசாமி தீட்சிதர், ஹம்சத்வனி ராகத்தை உருவாக்கியவர் என்று புகழ் பெற்றவர். மூத்த அண்ணன் முத்துசாமி தீட்சிதர், சங்கீத மும்மூர்த்திகளுள் ஒருவர். இன்னொரு அண்ணன் சின்னசாமியும் பாடகர்தான். வீடு முழுக்க இசை!

சென்னைக்கு வடக்கே மணலி என்ற ஊர் இருக்கிறதல்லவா? அங்கே முத்துகிருஷ்ண முதலியார் என்ற செல்வந்தர் இருந்தார். அவர் ராமசாமி தீட்சிதரை ஆதரித்து, குடும்பத்தோடு மணலிக்கு வரவழைத்தார். அவருக்குப் பின் அவர் மகன் சின்னய்யா முதலியாரும் அந்தக் குடும்பத்தைப் போற்றிக் காத்தார்.

கோட்டையில் கேட்ட ஓசை

அப்போது சென்னை புனித ஜார்ஜ் கோட்டையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சி நடந்தது. கம்பெனியின் பேண்டு வாத்தியக்காரர்கள் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்து நாட்டு மெட்டுகளை வாசிப்பார்கள். தீட்சிதர் சகோதரர்களும் அந்த இசையைக் கேட்டார்கள். அண்ணன் முத்துசாமி அந்த மெட்டுகளுக்கு சமஸ்கிருதத்தில் பாட்டெழுதினார். நோட்டுஸ்வரம் எனப்படும் அவை நாற்பது அளவில் உள்ளன. பாட்டு வகுப்புக்குப் போகும் பிள்ளைகள் இன்றும் அவற்றைப் பாடுகிறார்கள்.

தம்பி பாலுசாமியின் மனம் பிடிலில் சிக்கிக்கொண்டது. அதைக் கண்ட சின்னய்யா முதலியார், ஓர் ஐரோப்பியரை ஆசிரியராக அமர்த்தினார். மூன்று ஆண்டுகள் பாடம் நடந்தது.

இங்கேதான் சிக்கல். ஆசிரியர் தம் ஊர் இசையைக் கற்றுத் தர முடியும். நம் ராகத்தை அதில் எப்படி வாசிப்பது? அதைச் சொல்லித் தர உலகில் ஒருவரும் இல்லை! பாலுசாமி தாமே தேடினார். தம் காதில் இருந்த ராகங்களை விரலுக்குக் கொண்டு வந்தார். வீணையில் இருப்பதுபோலப் பிடிலில் மெட்டுகள் கிடையாது. அதனால் விரலை வழுக்கியும் அசைத்தும் கமகங்களைக் கொண்டு வரலாம். வீணைத் தந்தியை மீட்டினால் ஒலி மெல்லத் தேய்ந்துவிடும். பிடிலில் வில் ஓடும் வரை ஒலி நிற்கும், மனிதக் குரலைப் போல! பாடகருக்குப் பக்கத்துணையாக இருக்க இதைவிட வேறென்ன வேண்டும்?

அதே காலத்தில் தஞ்சை அரண்மனையைச் சேர்ந்த வராகப்பய்யரும் பிடில் கற்றவர்தான். முத்துசாமி தீட்சிதரின் சீடர் வடிவேலுவும் பிடிலில் வல்லவரானார். அவருக்குத் திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் 1834இல் தந்தத்தால் ஆன பிடிலையே பரிசளித்தார்.

பிடிலின் இன்னொரு பயணம்

குழந்தைகளே, பிடில் சென்னைக்கு மட்டுமா வந்தது? ஸ்காட்லாந்து, அயர்லாந்து பகுதிகளின் ஏழைக் குடியானவர்கள் 18ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் அப்பலாச்சியன் மலைகளில் குடியேறினார்கள். அவர்களோடு பிடிலும் போனது. அங்கே பான்ஜோ என்ற வாத்தியம் அதற்குத் தோழனானது. அடிமைகளாகக் கொண்டு செல்லப்பட்ட ஆப்பிரிக்க மக்களின் கொடை அது. தொடக்கத்தில் சுரைக்குடுக்கையின் மேல் தோலை இழுத்துக் கட்டி, அதன்மேல் தந்தி பூட்டிச் செய்தார்கள். இரண்டும் சேர்ந்து வளர்த்த நாட்டுப்புற இசைக்கு ஓல்ட் டைம் என்று பெயர். அதிலிருந்து 1940களில் வேகமான புளூகிராஸ் இசை பிறந்தது. அதன் தந்தை எனப்படுபவர் கென்டக்கி மாநிலத்தின் பில் மன்றோ.

ஒரு வேடிக்கை சொல்கிறேன். நம் வயலின் கலைஞர்கள் நான்கு தந்திகளையும் ஸ-ப-ஸ-ப என்று சுருதி சேர்க்கிறார்கள். ஐரோப்பிய வழக்கம் அதுவல்ல. ஆனால் அப்பலாச்சியன் மலைவாசிகளும் பல பாட்டுகளுக்கு இதே ஸ-ப-ஸ-ப முறையில்தான் தந்திகளை முறுக்குகிறார்கள்! ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை, கேட்டதும் இல்லை. அவரவர் இசைக்கு எது பொருந்தும் என்று காதால் தேடியபோது, இருவரும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

இன்னொன்றும் உண்டு. லார்டு மெக்டொனால்ட்ஸ் ரீல் என்பது ஸ்காட்லாந்தின் நடன மெட்டு. தீட்சிதரின் நோட்டுஸ்வரம் ஒன்றுக்கு இதுவே மூலம் என்று ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். அதே மெட்டு அமெரிக்க மலைக்கும் போய் வேறு பெயர் பெற்றது. என்ன பெயர் தெரியுமா? தோல் கால்சட்டை! தோல் தொழிலுக்குப் பெயர் பெற்ற நம் பகுதிப் பிள்ளைகள் மறக்க மாட்டீர்கள்தானே?

எட்டயபுரத்தில்

1824இல் பாலுசாமி எட்டயபுரம் அரண்மனையில் ஆஸ்தான வித்துவான் ஆனார். ஆம், பிற்காலத்தில் பாரதியார் பிறந்த அதே எட்டயபுரம்! தம்பியைத் தேடி அண்ணன் முத்துசாமியும் அங்கே வந்து சேர்ந்தார். 1835இல் தீபாவளி நாளில் அங்கேயே காலமானார்.

பாலுசாமி தம் மகள் வயிற்றுப் பேரன் சுப்பராமனைத் தத்து எடுத்து வளர்த்து இசை பயிற்றினார். 1850களின் இறுதியில் பாலுசாமி மறைந்தார். பேரன் சுப்பராம தீட்சிதர், குடும்பத்தின் இசைச் செல்வம் அழியாமல் சங்கீத சம்பிரதாய பிரதர்சினி என்ற பெருநூலாக 1904இல் வெளியிட்டார். தாத்தா பிடில் கற்ற கதையும் அந்த நூலால்தான் நமக்குத் தெரிகிறது.

பாலுசாமி அந்நிய வாத்தியம் என்று பிடிலை ஒதுக்கவில்லை. அது கிடைத்ததென்று தம் ராகங்களைக் கைவிடவும் இல்லை. இனி வயலின் ஒலி கேட்டால் கண்ணை மூடிக் கவனியுங்கள், பிள்ளைகளே. வாத்தியம் கடல் கடந்து வந்தது. அதில் கேட்கும் குரல் நம்முடையது!