வசைச்சொல்லைப் பத்திரிகைக்குப் பெயராக வைத்தவர்

வால்தனம் செய்யும் பேரனைப் பாட்டி 'அட சண்டாளா' என்று திட்டுவதை நம் சூலூர் வட்டாரத்தில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அதில் கோபத்தைவிடச் செல்லம்தான் கூடுதல். ஆனால் சண்டாளர் என்பது வசைச்சொல் அல்ல, மனிதர்களின் பெயர். வடமொழி சாத்திரங்கள் ஊருக்கு வெளியே ஒதுக்கிவைத்த மக்களைக் குறித்த பெயர் அது. தமிழ்நாட்டுப் பட்டியல் சாதிகளின் அரசுப் பட்டியலில் இன்றும் அது இடம்பெற்றிருக்கிறது. 2024இல் ஓர் அரசியல் பாடலால் இந்தச் சொல் சர்ச்சையானபோது, அதை வசையாகப் பயன்படுத்தக் கூடாது என்று மாநில ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆணையம் அறிவுறுத்தியது. பலருக்கு அன்றுதான் விஷயமே தெரிந்தது.

ஆங்கிலப் பத்திரிகை படிக்கும் மாணவர்கள் இன்னொரு சொல்லைப் பார்த்திருப்பார்கள். மற்ற நாடுகள் ஒதுக்கிவைத்த நாட்டை 'பரையா' நாடு என்று எழுதுகிறார்கள். தெருநாய்க்கும் ஒருவகைப் பருந்துக்கும்கூட அந்த அடைமொழி உண்டு. பறையர் என்ற நம் மண்ணின் மக்கள் பெயர்தான் ஐரோப்பியர் வழியாகக் கப்பலேறி, 'ஒதுக்கப்பட்டவன்' என்ற பொருளோடு உலகமெங்கும் புழங்குகிறது. அமெரிக்காவிலோ இங்கிலாந்திலோ அதை எழுதுபவருக்கு, தான் ஒரு சாதிப் பெயரை வசையாக எழுதுகிறோம் என்பது பெரும்பாலும் தெரியாது.

இந்தச் சொல்லோடு நேருக்கு நேர் நின்று போராடியவர் இரட்டைமலை சீனிவாசன். அவருடைய கதையில் நம் கோவைக்கும் ஒரு பங்கு உண்டு.

செங்கல்பட்டுப் பகுதியில் மதுராந்தகம் அருகே உள்ள கோழியாளம் அவரது ஊர். 1860ஐ ஒட்டிப் பிறந்தவர். வறுமையும் சாதிக் கொடுமையும் அந்தக் குடும்பத்தை ஊர் ஊராகப் பெயர்த்தன. தஞ்சைக்குப் போய், அங்கிருந்து கோவைக்கு வந்து சேர்ந்தார்கள். கோவைக் கலாசாலையில் சீனிவாசன் படித்தார். அங்கே ஏறத்தாழ 400 மாணவர்கள். அவர்களில் சுமார் பத்துப் பேரைத் தவிர மற்ற எல்லோரும் பிராமணர்கள். தன் சாதி, ஊர், உறவு எதுவும் யாருக்கும் தெரிந்துவிடக் கூடாது என்று அவர் பயந்தார். மணி அடிக்கும்வரை வெளியே எங்காவது உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பார். மணி அடித்த பிறகே வகுப்புக்குள் நுழைவார். வகுப்பு முடிந்ததும் யாரும் பேச்சுக் கொடுப்பதற்குள் வேகமாக வீட்டுக்குப் போய்விடுவார். மற்றப் பிள்ளைகளோடு விளையாட முடியாத துக்கத்தை, முதுமையில் 1939இல் எழுதிய ஜீவிய சரித்திர சுருக்கத்திலும் அவர் மறக்காமல் பதிவு செய்திருக்கிறார்.

படிப்புக்குப் பின் நீலகிரியில் ஐரோப்பிய நிறுவனத்தில் கணக்கராக வேலை பார்த்தார். பிறகு சென்னைக்குப் போனார். 1893 அக்டோபரில் சொந்தமாக ஒரு பத்திரிகை தொடங்கினார். அதற்கு அவர் வைத்த பெயர் 'பறையன்'. பள்ளி நாள்களில் எந்தச் சொல்லுக்குப் பயந்து ஒளிந்தாரோ, அதே சொல்லை முகப்பில் பெரிதாக அச்சிட்டார். நான்கு பக்கப் பத்திரிகை. முதல் இதழ் சென்னையில் மட்டும் இரண்டே நாளில் சுமார் 400 பிரதிகள் விற்றது.

இந்தப் பெயரைச் சொந்தக்காரர்களே எல்லோரும் ஏற்கவில்லை. அவருடைய தங்கையின் கணவர் என்றும் அக்காள் கணவர் என்றும் உறவு சொல்லப்படும் மைத்துனர் அயோத்திதாசப் பண்டிதர், அந்தச் சொல்லையே மறுத்தவர். அது பகைவர்கள் இட்ட பெயர், நம் மக்கள் பூர்வ பௌத்தர்கள், சாதிபேதமற்ற திராவிடர்கள் என்பது பண்டிதரின் வாதம். சீனிவாசனின் எண்ணம் வேறு. பெயரை மறைத்துக்கொண்டு உரிமை கேட்க முடியாது, இன்னார் என்று சொல்லி வெளியே வந்து நின்றால்தான் சுதந்திரம் கிடைக்கும் என்று அவர் நம்பினார். பாதை வேறானாலும் இருவரும் எதிர்த்தது ஒரே இழிவைத்தான்.

சீனிவாசன் பக்கம் இலக்கியச் சான்றும் உண்டு. புறநானூற்றில் மாங்குடி கிழாரின் பாடல் ஒன்று (335) பறையன் என்பதைச் சிறந்த குடிகளில் ஒன்றாகச் சொல்கிறது. பறை என்றால் சொல் என்றும் பொருள், முழங்கும் கருவி என்றும் பொருள். சொல்லில் இழிவு இல்லை. அதைச் சொன்ன வாய்கள் பின்னால் ஏற்றியதே இழிவு. சேரியும் அப்படித்தான். சேர்ந்து வாழும் இடம் என்பதே அதன் பொருள். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் பறைச்சேரி மட்டுமல்ல, கம்மாணச்சேரியும் உண்டு. இன்றோ சேரிப் பேச்சு, சேரிப் புத்தி என்று சர்வசாதாரணமாகச் சொல்கிறோம்.

பத்திரிகை 1900 வரை நடந்தது. பிறகு இங்கிலாந்துக்குப் புறப்பட்ட சீனிவாசன் தென்னாப்பிரிக்காவில் தங்கி, நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பணிசெய்து, 1921இல் திரும்பினார். அடுத்த ஆண்டே, 1922இல், எம்.சி. ராஜா சென்னை சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானத்தால் அரசு ஆவணங்களில் பறையர், பஞ்சமர் என்ற சொற்களுக்குப் பதிலாக ஆதிதிராவிடர் என்ற பெயர் வந்தது. 1923இல் சட்டமன்றத்துக்கு நியமிக்கப்பட்ட சீனிவாசன், பொதுச்சாலை, கிணறு, குளம், பொதுக்கட்டடங்களை எல்லோரும் பயன்படுத்தலாம் என்ற தீர்மானத்தை 1924இல் கொண்டுவந்தார். கோவையைச் சேர்ந்த ஆர். வீரையனும் அதே மன்றத்தில் இந்த உரிமைக்காகக் குரல் கொடுத்தார். லண்டன் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரோடு அமர்ந்தவரும் சீனிவாசனே. 1932 பூனா ஒப்பந்தத்திலும் அவர் கையெழுத்து இருக்கிறது. 1945 செப்டம்பர் 18இல் மறைந்தார்.

அவர் ஒளிந்து படித்த காலம் முடிந்துவிட்டதா? கல்லூரிப் படிவத்தில் முகவரி எழுதும்போது 'காலனி' என்ற சொல் வந்தால் கை தயங்குகிற பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அரசு கட்டிக்கொடுத்த குடியிருப்புக்கு வைத்த சாதாரண ஆங்கிலச் சொல் அது. அதுவும் நம் வாயில் சாதி அடையாளமாகிவிட்டது. அந்தச் சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்போவதாக 2025 ஏப்ரலில் முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்ல முடிவு. ஆனால் ஆவணத்தில் மாற்றிவிட்டு வாயில் மாற்றாவிட்டால், புதிய பெயரும் பத்தாண்டில் வசையாகிவிடும்.

தெரியாமல் சொன்ன பாட்டியின் மேல் எனக்குக் கோபம் இல்லை. தெரிந்தவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டும். திட்ட ஒரு சொல் வாய்க்கு வரும்போது, இது யாருடைய பெயர் என்று மாணவர்கள் ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும். அந்தப் பெயருக்குரிய பிள்ளை அதே வகுப்பில், மணி அடிக்கட்டும் என்று வெளியே காத்துக்கொண்டிருக்கலாம்.