நெருப்புக்கு வேலி போட்டவர்

திருப்பூரில் பனியன் தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். ஒரே அறை. அதில்தான் சமையல். அதில்தான் படுக்கை. ஒரு மூலையில் கியாஸ் அடுப்பு. அதன் பக்கத்தில் சிலிண்டர். நாலு அடி தள்ளிக் குழந்தையின் தொட்டில்.

2025-ம் ஆண்டு ஜூலை மாதம் திருப்பூர் கல்லூரி சாலைப் பக்கம் தகரக் கொட்டகை வீடுகளில் சிலிண்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெடித்தன. நாற்பதுக்கு மேற்பட்ட வீடுகள் எரிந்து சாம்பலாயின. சட்டி பானை, துணிமணி எல்லாம் போயின.

வாயு கண்ணுக்குத் தெரியாது. சத்தம் போடாது. பூனைபோல் வந்து அறையை நிறைக்கும். ஒரு சிறு பொறி விழுந்தால் போதும். வீடு போய்விடும்!

இந்த எமனோடு 200 ஆண்டுகளுக்கு முன்பே மல்லுக்கு நின்ற மனிதர் ஒருவர் உண்டு. அவர் பெயர் சர் ஹம்ப்ரி டேவி. அவருடைய கதை இது.

மாடியில் வெடிச் சத்தம்

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில், கடலோரத்தில் பென்சான்ஸ் என்று ஒரு சிற்றூர். அங்கே 1778-ம் ஆண்டு டிசம்பர் 17-ந் தேதி டேவி பிறந்தார். தகப்பனார் மரத்தில் சித்திர வேலை செய்கிறவர். ஐந்து குழந்தைகளில் டேவிதான் மூத்தவர்.

சிறுவன் டேவிக்குப் பள்ளிப் படிப்பில் அவ்வளவு நாட்டம் இல்லை. மீன் பிடிப்பான். தெருவில் நிற்கும் வண்டியின்மேல் ஏறிக்கொண்டு மற்ற பிள்ளைகளுக்குக் கதை சொல்லுவான். பட்டாசு மருந்து கலந்து வெடித்துப் பார்ப்பான்.

டேவிக்கு 16 வயது நடக்கும்போது தகப்பனார் இறந்தார். சொத்து இல்லை. கடன் இருந்தது. தாயார் கலங்கவில்லை. பெண்களுக்குத் தொப்பி தைத்து விற்கும் கடை வைத்துப் பிள்ளைகளைக் காப்பாற்றினார். தையலால் குடும்பம் பிழைத்த கதை நம் பக்கத்தில் வீட்டுக்கு வீடு உண்டு அல்லவா?

மூத்த மகன் ஊர் வைத்தியர் ஒருவரிடம் மருந்து கலக்கும் வேலை பழகப் போனான். அதுதான் அவன் வாழ்க்கையைத் திருப்பியது. மருந்துப் பொருள்களைக் கலந்து கலந்து பார்க்க ஆசை வந்தது. குடும்ப நண்பரான டாங்கின் என்ற பெரியவர் வீட்டின் மாடி அறைதான் பரிசோதனைச் சாலை. அங்கிருந்து அடிக்கடி வெடிச் சத்தம் கேட்கும். பையன் என்றைக்காவது வீட்டையே தகர்த்துவிடுவான் என்று பெரியவர் பயந்தார். திராவகம் பட்டுத் தன் உடுப்புகள் பாழாகின்றன என்று தங்கை புகார் சொன்னாள்.

அந்த வீடு தகரவில்லை. டேவியின் அதிர்ஷ்டம். பெரியவரின் அதிர்ஷ்டமும்தான்!

மூக்கால் சோதித்தவர்

1798-ம் ஆண்டு, 19 வயதில், டேவிக்குப் பிரிஸ்டல் நகரில் வேலை கிடைத்தது. வாயுக்களைச் சுவாசிக்கச் செய்து நோய் தீர்க்க முடியுமா என்று ஆராயும் நிலையம் அது. டேவி வேறு யாரையும் தேடவில்லை. தன் மூக்கையே சோதனைக் குழாய் ஆக்கிக்கொண்டார்.

ஒரு வாயுவை இழுத்தார். சிரிப்பு வந்தது. உடம்பு லேசாகிக் குதிக்கத் தோன்றியது. பல் வலி மறைந்தது. சிரிப்பூட்டும் வாயு என்று உலகம் அதைச் சொல்கிறது. அறுவைச் சிகிச்சையில் வலி தெரியாமல் இருக்க இது உதவலாம் என்று 1800-ம் ஆண்டே புத்தகத்தில் எழுதி வைத்தார். வைத்தியர்கள் கண்டுகொள்ளவில்லை. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நோயாளிகள் கத்தியின் கீழ் அலறிக்கொண்டே இருந்தார்கள்.

இன்னொரு நாள் விஷ வாயுவை இழுத்துவிட்டார். நினைவு தப்பியது. பிழைத்தது தெய்வாதீனம்.

1801-ம் ஆண்டு லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷன் அவரை அழைத்துக்கொண்டது. அழகான வாலிபர். கணீர்ப் பேச்சு. மேடையிலேயே பொறி பறக்கும், புகை எழும். சீமான்களும் சீமாட்டிகளும் முட்டி மோதினார்கள். வண்டிகள் நெருக்கியதால் அந்தத் தெருவை ஒருவழிப் பாதை ஆக்க நேர்ந்தது என்று சொல்வார்கள். 1807-ம் ஆண்டு மின்சாரத்தைப் பாய்ச்சிப் பொட்டாசியம் என்ற உலோகத்தைப் பிரித்து எடுத்தார். அறை முழுதும் துள்ளிக் குதித்து ஆடினாராம். பிறகு சோடியம், அடுத்த ஆண்டு கால்சியம், மக்னீசியம்.

1812-ம் ஆண்டு ஏப்ரலில் சர் பட்டம். மூன்றே நாளில் ஒரு பணக்கார விதவையோடு திருமணம். அதே ஆண்டில் ஒரு வெடி ரசாயனம் கையில் வெடித்துக் கண்ணைக் காயப்படுத்தியது. எழுதுவதற்கு ஆள் தேவைப்பட்டது. அப்போது வந்து சேர்ந்தவர்தான் மைக்கேல் பாரடே. புத்தகம் பைண்டு செய்யும் கடையில் வேலை பழகிய ஏழை வாலிபர். டேவியின் சொற்பொழிவுகளைக் குறித்து வைத்து, அழகாகப் பைண்டு செய்து அவருக்கே அனுப்பி வைத்தவர்.

பூமிக்கு அடியில் நரகம்

அந்த 1812-ம் ஆண்டின் மே மாதம் 25-ந் தேதி. வட இங்கிலாந்தில் பெல்லிங் என்ற ஊரின் நிலக்கரிச் சுரங்கம் வெடித்தது. சுற்று வட்டாரம் அதிர்ந்தது. கரித்தூள் மேகம்போல் எழும்பி ஊரை இருட்டாக்கியது. 92 பேர் மாண்டார்கள். அதில் சிறுவர்கள் பலர். எட்டு வயதுப் பிள்ளையும் உண்டு. தீயை அணைக்கச் சுரங்க வாயை மூடவேண்டி வந்ததால், உள்ளே கிடந்த உடல்களை எடுக்கவே மாதக்கணக்கில் ஆயிற்று. ஹாட்ஜ்சன் என்ற பாதிரியார் அவர்களை அடக்கம் செய்தார்.

காரணம் என்ன? நிலக்கரியின் இடுக்குகளில் மீத்தேன் என்ற வாயு அடைந்து கிடக்கிறது. கரியை வெட்டும்போது கசிகிறது. அதற்கு நிறம் இல்லை, மணம் இல்லை. சுரங்கத்தில் வெளிச்சம் வேண்டும். அன்றைக்கு வெளிச்சம் என்றால் மெழுகுவத்திதான். நூறு பங்கு காற்றில் ஐந்து பங்கு முதல் பதினைந்து பங்கு வரை மீத்தேன் கலந்திருந்தால், சுடர் பட்டதும் வெடிதான்!

வாயு தேங்கிய இடங்களில் ஒரு காரியம் செய்தார்கள். ஒருவன் நனைந்த துணியைப் போர்த்துக்கொண்டு, கழியின் நுனியில் மெழுகுவத்தியைக் கட்டி, தரையோடு தரையாக ஊர்ந்து போய் வாயுவைக் கொளுத்திவிடுவான். மீத்தேன் காற்றைவிட லேசு. கூரையில் நிற்கும். ஆகையால் தீ தலைக்கு மேல் போகும். போகாவிட்டால், அவன் கதை முடிந்தது. சில இடங்களில் அழுகிய மீன் தோலின் மங்கல் ஒளியில்கூட வேலை செய்து பார்த்தார்கள்.

28 துளை வேலி

1815-ம் ஆண்டு டேவியிடம் உதவி கேட்டார்கள். அவர் நேரில் போய்ச் சுரங்கத்தாரிடம் பேசினார். வாயுவைப் புட்டிகளில் அடைத்து லண்டனுக்கு வரவழைத்தார். சில மாதங்களில் வழி கண்டுவிட்டார்.

வழி இதுதான். நெருப்பு பரவ வேண்டுமானால் சூடு வேண்டும். உலோகம் சூட்டை இழுத்துக்கொள்ளும். நெருக்கமான கம்பி வலைக்குள் விளக்கை வைத்தால், வாயு உள்ளே வரும். உள்ளேயே எரியும். ஆனால் சுடர் வலையைத் தாண்டி வெளியே வரும்போது கம்பி சூட்டைப் பறித்துவிடும். வெளியே உள்ள வாயு தீப்பற்றாது.

வலை எவ்வளவு நெருக்கம்? ஒரு அங்குலத்துக்கு 28 துளை. சதுர அங்குலத்துக்கு 784. நிட்டிங் மெஷினில் 28 கேஜ் என்றால் அங்குலத்துக்கு 28 ஊசி என்பது திருப்பூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த நெருக்கம்தான். பனியன் துணிபோல ஒரு கம்பித் துணி. அதுதான் நெருப்புக்கு டேவி போட்ட வேலி!

இன்னொரு லாபமும் இருந்தது. வாயு சேர்ந்தால் சுடரின் மேல் நீல நிறத் தொப்பி தெரியும். தொப்பி உயர்ந்தால் ஆபத்து. விளக்கே எச்சரிக்கை மணி.

1816-ம் ஆண்டு ஜனவரி மாதம் ஹெபர்ன் சுரங்கத்தில் சோதனை. விளக்கைத் தூக்கிக்கொண்டு இறங்கியவர் யார் தெரியுமா? பெல்லிங் உடல்களை அடக்கம் செய்த அதே பாதிரியார் ஹாட்ஜ்சன். உள்ளே ஒரு தொழிலாளி தனியாகக் கரி வெட்டிக்கொண்டிருந்தான். அவனுக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. தூரத்தில் சுடர் அசைந்து வருகிறது. அவன் பதறிப்போய் அணைக்கச் சொல்லிக் கத்தினான். திட்டினான். பிறகு கெஞ்சினான். பாதிரியார் பதில் பேசாமல் நடந்து வந்தார். கிட்டே வந்தபோதுதான் அவனுக்கு விளங்கியது, தான் சாகவில்லை என்பது. பாதிரியார் அவனை அப்படிச் சோதித்திருக்க வேண்டாம் என்றுதான் எனக்குப் படுகிறது.

காசும் வேண்டாம், பங்கும் வேண்டாம்

காப்புரிமை வாங்கினால் ஆண்டுக்கு ஐயாயிரம், பத்தாயிரம் பவுன் வரும் என்று சுரங்க மேலாளர் ஒருவர் யோசனை சொன்னார். டேவி மறுத்துவிட்டார். யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். சுரங்க முதலாளிகள் நன்றிக்காக 1817-ம் ஆண்டு வெள்ளிப் பாத்திரங்கள் பரிசளித்தார்கள்.

பணத்தை விட்ட மனிதரால் பெருமையை விட முடியவில்லை. கில்லிங்வொர்த் சுரங்கத்தில் ஜார்ஜ் ஸ்டீபன்சன் என்ற எந்திரத் தொழிலாளி இருந்தார். 18 வயதில் இரவுப் பள்ளிக்குப் போய் எழுத்துக் கூட்டிப் படித்தவர். பின்னாளில் ரெயில் எஞ்சினால் உலகப் புகழ் பெற்றவர் இவரே. 1815-ம் ஆண்டு அக்டோபரிலேயே, டேவியின் விளக்கு வெளிவருமுன், சிறு துளைகள் வைத்த தம் விளக்கை எடுத்துக்கொண்டு வாயு சீறும் இடத்துக்கே போய்ச் சோதித்தவர்.

டேவி நம்பவில்லை. படிக்காத ஆள் எப்படிக் கண்டுபிடிக்க முடியும் என்று எண்ணினார். தம் யோசனையைத் திருடிவிட்டதாகவே சாகும்வரை நினைத்தார். அந்தப் பக்கத்து மக்களோ ஸ்டீபன்சனுக்கு ஆயிரம் பவுன் திரட்டிக் கொடுத்தார்கள். டேவி இறந்த பிறகு, 1833-ம் ஆண்டு, பார்லிமெண்டு கமிட்டி ஸ்டீபன்சனுக்கும் சம உரிமை உண்டு என்று சொன்னது.

பாரடேயிடமும் இதே குறை. 1824-ம் ஆண்டு ராயல் சொசைட்டியில் சேர அவர் பெயர் வந்தபோது எதிர்த்தவர் தலைவராக இருந்த டேவிதான். சீடன் வளர்ந்தது குருவுக்குப் பிடிக்கவில்லை.

விளக்கு வந்தது, சாவு நின்றதா?

நிற்கவில்லை. பாதுகாப்பான விளக்கு இருக்கிறதே என்று, முன்பு ஆபத்து என்று மூடி வைத்த சுரங்கங்களையும் முதலாளிகள் திறந்துவிட்டார்கள். இன்னும் ஆழமாக இறக்கினார்கள். காற்றோட்டத்துக்குச் செலவு செய்யவில்லை. கம்பி வலை துருப்பிடித்து ஓட்டை விழுந்தது. வெளிச்சம் போதவில்லை என்று சிலர் வலையைக் கழற்றினார்கள். புகை பிடிக்க விளக்கைத் திறந்தவர்களும் உண்டு. பிறகு விளக்குக்குப் பூட்டுப் போட வேண்டி வந்தது. நம் நாட்டிலும் 1965-ம் ஆண்டு மே மாதம், அன்றைய பீகாரில், தோரி சுரங்கம் வெடித்து 268 பேர் மாண்டார்கள்.

வீட்டு கியாசுக்கும் மணம் கிடையாது. கசிந்தால் தெரியவேண்டும் என்று நாற்றம் அடிக்கும் மருந்தை வேண்டுமென்றே கலக்கிறார்கள். டேவியின் நீலத் தொப்பி செய்த வேலையை இன்று நம் மூக்கு செய்கிறது. ஆனால் ஒரு வித்தியாசம். சுரங்க வாயு மேலே ஏறும். சிலிண்டர் கியாஸ் காற்றைவிடக் கனம். தண்ணீர்போல் தரையில் ஓடிக் கட்டிலுக்கு அடியில் தேங்கும். இரவு ஷிப்டு முடிந்து வந்து, நாற்றத்தைக் கவனிக்காமல் சுவிட்சைத் தட்டினால், அந்தச் சின்னப் பொறி போதும். சுவிட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, எல்லோரும் வெளியே வந்து, அங்கிருந்து 1906 என்ற எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும். அடுப்பின் பர்னரில் பொடித் துளைகள் இருக்கின்றனவே, நெருப்பு உள்ளே இறங்காமல் தடுப்பதில் அவற்றுக்கும் பங்கு உண்டு. டேவியின் பாடம்தான் அது. ஆனால் வெடித்துப்போன ரப்பர் குழாய்க்கு அவர் வேலி எதுவும் போட்டு வைக்கவில்லை. அதை ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை நாம்தான் மாற்றவேண்டும்.

டேவியின் உடம்பு சீக்கிரமே தளர்ந்தது. இளமையில் இழுத்த வாயுக்களும் அதற்குக் காரணமாக இருக்கலாம். 1826-ம் ஆண்டு பக்கவாதம் வந்தது. ஊர் ஊராகப் போய்க் குணம் தேடினார். 1829-ம் ஆண்டு மே மாதம் 29-ந் தேதி, சுவிட்சர்லாந்தில் ஜெனீவா நகரில் காலமானார். வயது 50. குழந்தைகள் இல்லை. அங்கேயே அடக்கம் செய்தார்கள்.

அந்த வெள்ளிப் பாத்திரங்கள் தம்பி கைக்கு வந்து, பிறகு ராயல் சொசைட்டியைச் சேர்ந்தன. அந்தப் பணத்தில் டேவி பெயரால் ஒரு பதக்கம் ஏற்படுத்தினார்கள். 1877-ம் ஆண்டு முதல் பதக்கத்தை இருவர் பகிர்ந்துகொண்டார்கள். அவர்களில் ஒருவர் ஜெர்மனியைச் சேர்ந்த பன்சன். பள்ளிக்கூடச் சோதனைச் சாலைகளில் பிள்ளைகள் ஏற்றும் கியாஸ் அடுப்புக்கு அவர் பெயர்தான்.