ஒரே வரியில் சாஃப்ட்வேர் இன்ஸ்டால்... இதற்கு விதை போட்ட இயன் மர்டாக் யார்?

லினக்ஸ் சர்வரோடு மல்லுக்கட்டும் உங்கள் ஐடி நண்பர் யாரையாவது கேட்டுப் பாருங்கள். 'ஆப்ட் இன்ஸ்டால்' என்று டைப் செய்யாத வாரமே அவருக்கு இருக்காது. கறுப்புத் திரையில் ஒரு வரி, ஒரு என்டர். வெப்சைட் தேடி, எது நிஜ டவுன்லோடு பட்டன், எது விளம்பரம் என்று குழம்பும் வேலையே இல்லை. வேண்டாம் என்றால் 'ஆப்ட் ரிமூவ்'. அவ்ளோதான்.

இந்த வசதி தானாக வந்துவிடவில்லை. இதற்கான அஸ்திவாரத்தைப் போட்டபோது இயன் மர்டாக்குக்கு வயது 20 சொச்சம்தான்.

1973 ஏப்ரல் 28 அன்று, அப்போதைய மேற்கு ஜெர்மனியின் கான்ஸ்டன்ஸ் நகரில் பிறந்தவர் இயன். அப்பா பூச்சியியல் பேராசிரியர். படிப்பு அமெரிக்காவின் இண்டியானா மாகாணத்தில் உள்ள பர்டியூ பல்கலைக்கழகத்தில். அங்கே இருந்தபோதுதான் லினக்ஸ் அவர் கைக்கு வந்தது.

லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ல் வெளியிட்டது கெர்னல் மட்டும்தான். காருக்கு இன்ஜின் மாதிரி. ஸ்டியரிங், சீட், டயர் எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுக்க வேறு யாராவது வேண்டும். அப்படிச் சேர்த்துக் கொடுப்பதற்குப் பெயர் 'டிஸ்ட்ரிப்யூஷன்'. அன்றைக்குப் பிரபலமாக இருந்தது எஸ்எல்எஸ். ஆனால் அதில் ஏகப்பட்ட கோளாறுகள், கவனிக்கவும் ஆள் இல்லை. இயனுக்கு இது பொறுக்கவில்லை. 1993 ஆகஸ்ட் 16 அன்று, தானே ஒன்றை உருவாக்கப்போவதாக இணையத்தில் அறிவித்தார். காதலி டெப்ராவின் பெயரில் பாதி, தன் பெயர் முழுசு. சேர்த்தால் 'டெபியன்'. (பின்னாளில் திருமணம் செய்துகொண்டார்கள், பிரிந்தும் போனார்கள். பெயர் மட்டும் அப்படியே இருக்கிறது.)

அவர் எழுதிய டெபியன் அறிக்கையில் ஒரு விஷயம் தெளிவாக இருந்தது. இதை ஒரு ஆள் மட்டும் செய்யக் கூடாது, பலர் சேர்ந்து வெளிப்படையாகச் செய்ய வேண்டும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால், ஒருவரையொருவர் நேரில் பார்க்காத பலர் தனித்தனியாகச் செய்து அனுப்பும் சாஃப்ட்வேர்கள், ஒரே கம்ப்யூட்டரில் அடித்துக்கொள்ளாமல் எப்படி இருக்கும்?

அதற்கான விடைதான் 'பேக்கேஜ்'. 1994-ல் 'டிபிகேஜி' என்ற புரோகிராமின் முதல் வடிவத்தை இயன் எழுதினார். பிறகு இன்னொரு இயன், அதாவது இயன் ஜாக்சன், அதைச் சி மொழியில் திருத்தி எழுதினார். ஒவ்வொரு 'டெப்' ஃபைலுக்குள்ளும் சாஃப்ட்வேரோடு ஒரு குறிப்பும் இருக்கும்: என் பெயர் இது, வெர்ஷன் இது, நான் ஓட இன்னின்ன பேக்கேஜ்கள் வேண்டும். இன்ஸ்டால் ஆகும்போது எந்த ஃபைல் எங்கே போனது என்று சிஸ்டம் பட்டியல் போட்டு வைத்துக்கொள்ளும். நீக்கும்போது அந்தப் பட்டியலைப் பார்த்து ஒவ்வொன்றாக எடுத்துவிடும். என்னைக் கேட்டால், இன்ஸ்டால் செய்வதைவிட இதுதான் பெரிய விஷயம். கொண்டு வந்து வைப்பது யாராலும் முடியும். மிச்சம் வைக்காமல் எடுப்பதுதான் கஷ்டம்.

அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. 'ரிமூவ்' என்றால் சாஃப்ட்வேர் போகும், நீங்கள் மாற்றி வைத்த செட்டிங்ஸ் ஃபைல்கள் இருக்கும். நாளைக்கே மனசு மாறி மறுபடி இன்ஸ்டால் செய்தால் பழைய செட்டிங்ஸ் அப்படியே கிடைக்கும். அதுவும் வேண்டாம் என்றால் 'பர்ஜ்'. துணைக்கு வந்து இப்போது யாருக்கும் தேவைப்படாமல் கிடக்கும் பேக்கேஜ்களைக் கூட்டித் தள்ள 'ஆட்டோரிமூவ்'. எதைத் தட்டினாலும், என்னென்ன நீங்கப்போகிறது என்று திரையில் வரும் பட்டியலைப் படித்துவிட்டு 'ஒய்' அழுத்துங்கள். 2021-ல் ஒரு பிரபல யூடியூபர் கேமிங் ஆப் ஒன்றை இன்ஸ்டால் செய்யப்போய், எச்சரிக்கையைத் தாண்டிச் சென்று, டெஸ்க்டாப்பையே காலி செய்தது அப்படித்தான்.

டிபிகேஜி, தேவையான துணை பேக்கேஜ் இல்லையென்றால் இல்லை என்று மட்டும் சொல்லும். தேடிக் கொண்டுவராது. தேடிக் கொண்டுவரும் 'ஆப்ட்' டெபியனில் சேர்ந்தது 1999-ல். அதற்குள் இயன் அங்கே இல்லை. 1996 மார்ச்சில், 23 வயதுகூட முடியாத நிலையில், தலைமைப் பொறுப்பை புரூஸ் பெரன்ஸிடம் கொடுத்துவிட்டு விலகியிருந்தார். தன் பெயர் ஒட்டியிருக்கும் ஒன்றை அந்த வயதில் விட்டுக்கொடுப்பது லேசான காரியமா?

அதன் பிறகு புரோஜெனி என்ற சொந்த நிறுவனம், சன் மைக்ரோசிஸ்டம்ஸ், எக்ஸாக்ட்டார்கெட் என்று போனார். சன்னில் அவருக்குக் கிடைத்த வேலை, சோலாரிஸுக்கும் லினக்ஸ் போல எளிதான பேக்கேஜ் வசதியைக் கொண்டுவருவது. லினக்ஸ் இந்தத் துறைக்குக் கொடுத்த மிகப்பெரிய முன்னேற்றமே பேக்கேஜ் மேனேஜ்மென்ட்தான் என்று 2007-ல் தன் பிளாகில் வாதிட்டார். 2015-ல் சேர்ந்த டாக்கர் நிறுவனமும் சாஃப்ட்வேரைப் பொட்டலம் கட்டும் வேலைதான்.

சேர்ந்த கொஞ்ச நாளிலேயே, அந்த ஆண்டு டிசம்பர் 28 அன்று சான் பிரான்சிஸ்கோவில் இறந்தார். வயது 42. போலீஸோடு மோதல் பற்றியும் தன் மனவேதனை பற்றியும் கடைசி நாளில் அவர் ட்விட்டரில் எழுதியவை பலரை உலுக்கின. அது தற்கொலை என்று பிரேதப் பரிசோதனை அறிக்கை பின்னர் சொன்னது.

உபுண்டு டெபியனிலிருந்து கிளைத்ததுதான். சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அப்படியே. தமிழக அரசின் இலவச லேப்டாப் வாங்கியவர்கள் அதில் பார்த்திருப்பீர்கள்.

2017 ஜூனில் வந்த டெபியன் 9, இயன் மர்டாக்குக்குச் சமர்ப்பிக்கப்பட்டது.